நட்சத்திரக் குறியிட்ட வரிகள்

“டீச்சர், ஒரு துண்டைக் கேட்டா முழு வரியையும் வாரிக்கிட்டு வருது. இந்த ரெஜெக்ஸை என்னதான் செய்ய?”

தெய்வநாயகம் தம் குறையை இப்படித்தான் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் உமையாள். வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆற்று நீர்மட்டங்களைத் தொகுக்கும் அந்த அலுவலகத்தில் கணினி சம்பந்தப்பட்ட எதற்கும் அவளிடம்தான் போக வேண்டும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவர் கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது.

“அதுல முறுக்கு குடுங்க அண்ணாச்சி.”

நீட்டினார். அவள் பொட்டலத்தை அப்படியே வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

“என்ன டீச்சர், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க!”

“நீங்க நீட்டினீங்க. எங்கே நிறுத்தணும்னு சொல்லலையே.”

தெய்வநாயகம் சற்று நேரம் இழுப்பறையையே பார்த்தார். பிறகு தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

ரெஜெக்ஸ் என்ற கணினித் தேடல் குறிப்பு, தேடும் சொல்லைச் சொல்வதில்லை; அதன் உருவத்தைச் சொல்கிறது. நான்கு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம், மறுபடி ஒரு கோடு, இரண்டு இலக்கம் என்று எழுதினால், அந்த உருவத்தில் இருக்கும் தேதிகளெல்லாம் தாமாக வந்து நிற்கும். அவர் எழுதியதில் ‘எது வந்தாலும் சரி’ என்று ஓர் இடம் இருந்தது. அந்த இடம்தான் வரியின் கடைசி வரை விழுங்கிக்கொண்டிருந்தது.

‘அடி’ என்ற சொல் வந்ததும் நில் என்று திருத்தினார்.

நின்றது.

முறுக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

*

அவர் பிரித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய பதிவுக் கோப்பு. செங்கால் அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் முன்பு ஒரு நீர்மட்ட நிலையம் இருந்தது. தண்ணீரில் ஒரு மிதவை; அதன் கம்பி மேலே ஒரு கருவியோடு சேரும். மணிக்கு ஒரு முறை கருவி கணினிக் கோப்பில் ஒரு வரி எழுதும். தேதி, நேரம், மட்டம், இத்தனை அடி, கடைசியில் கருவியின் குறியெண். வெயிலிலும் மழையிலும் அதே வரிதான், எண் மட்டும் மாறும்.

அந்த வரிகளுக்கு இப்போது திடீரென்று தேவை வந்திருந்தது. அதே கரையில் உள்ள கீழத்தோப்பில் வெள்ளக் காப்பகம் ஒன்று கட்டப்போகிறார்கள். ஆறு பெருகினால் ஊரே ஏறி உட்கார வேண்டிய கட்டடம் அது. அதன் தரையை எந்த உயரத்தில் போடுவது? ஆறு இதுவரை ஏறிய பெரிய மட்டம் எதுவோ, அதற்கு மேல். அந்த எண்ணைக் கேட்டுத்தான் தலைமைப் பொறியாளர் மதியம் கூப்பிடப்போகிறார். பல வருடங்களுக்கு முன் வந்த பெருவெள்ளம் ஊர்ச் சுவர்களில் விட்டுப்போன கறைகளைச் சுவர்களோடு சேர்த்து எப்போதோ இடித்துவிட்டார்கள். மிஞ்சியது இந்தக் கோப்பு மட்டும்தான்.

இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. இளவயதில் அவர் அந்த நிலையத்தில்தான் வேலை பார்த்தார்.

திரையில் வரிகள் ஓட ஓட, ஈரச் சிமெண்டின் மணம் எங்கிருந்தோ வந்தது. கீழறையில் மண்ணெண்ணெய் அடுப்பு. மாடி அறையில் மின்கலத்தில் ஓடும் கணினி. வாசற்படியில் ‘தரை 41 அடி’ என்று செதுக்கிய கல். மாற்றி மாற்றி முறைபார்க்க இரண்டே ஆட்கள்: அவரும் இருதயராஜும்.

இருதயராஜ் குள்ளமானவர். ஒரு சாண் உயர வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று கொண்டுவந்து, கீழறையில் ஆணி அடிக்கத் தெய்வநாயகத்தைத்தான் கூப்பிட்டார்.

“கை எட்டுற மட்டும் உயரத்துல அடிடா தெய்வு. ஆத்துத் தண்ணி மாதாவைத் தொடக் கூடாது.”

“தண்ணி இங்கே வந்தா மாதா நீந்த மாட்டாங்களா அண்ணே?”

“வாயை மூடிக்கிட்டு அடி. விரலைப் பார்த்து அடி.”

தெய்வநாயகம் தரையில் வெறுங்காலோடு நின்று கையை முழுக்க நீட்டி அடித்தார். இருதயராஜ் பிறகு நாற்காலி போட்டு ஏறித்தான் அந்தப் படத்துக்குப் பூ வைத்தார்.

பிறகு இவருக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்தது. நிலையம் போயிற்று; மாடியிலிருந்த கணினியை மட்டும் மீட்டெடுத்தார்கள். கருவி நின்றதும் இருதயராஜ் நிலையத்தை விட்டு இறங்கிப் போய்விட்டார் என்று அறிக்கையில் எழுதினார்கள். அவரும் வேறு ஊருக்குப் போனார். பின்னர் அங்கேயே இறந்தும் போனார். தெய்வநாயகம் அதைப் பற்றி அவரிடம் கேட்கவேயில்லை. கேட்க எப்போதும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

*

பகல் உணவுக்கு முன் அவர் உமையாளிடம் மறுபடி வந்தார். இம்முறை முகத்தில் குறை இல்லை.

“முடிஞ்சுது டீச்சர். தேதியில ஆரம்பிச்சு அடின்னு வர்ற வரி எதுவும் தப்பலை. பெரிய மட்டம் முப்பத்தொன்பதே முக்கால் அடி. வெள்ளத்தன்னிக்கு வந்தது. அதுக்கு அப்புறம் மிதவைக் கம்பி அறுந்துபோச்சு.”

“நல்லது.”

“எதுக்கும் ரெண்டடி கூட்டித் தரை போட்டாப் போதும். சொல்லிடவா?”

“பிடிச்சதைச் சொல்லிட்டீங்க. விட்டது எது அண்ணாச்சி?”

“விட்டதா? அது குப்பை.”

“பார்த்தீங்களா?”

தெய்வநாயகம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கூச்சமும் இருந்தது.

“அது எங்க அரட்டை டீச்சர். நானும் இருதயராஜ் அண்ணனும் முறை மாறும்போது ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டோம். சொல்ல வேண்டியதை அந்தக் கோப்புலயே தட்டி வச்சிட்டுப் போவோம். கருவியோட வரியில கலந்துடக் கூடாதுன்னு முன்னால ஒரு நட்சத்திரக் குறி போடுறது எங்க வழக்கம். இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டியிருப்போம். சாவி எங்கே, சீனி எங்கே. கணக்குக்கு ஆகாது.”

“அதனால தேதியில ஆரம்பிக்கிற வரி மட்டும்னு எழுதினீங்க.”

“ஆமா.”

“குப்பைன்னு தெரிஞ்சதாலயா? இல்லை, பார்க்க மனசு வரலையா?”

அவர் திரும்பித் தம் திரையைப் பார்த்தார்.

உமையாள் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் எழுதிய கட்டளையில் ரெஜெக்ஸைத் தொடவேயில்லை. அதற்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். பிடித்ததைக் காட்டு என்பது, பிடிக்காததைக் காட்டு என்று மாறியது.

விசையைத் தட்டிவிட்டு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“வாசிங்க. எனக்கும் கேக்குற மாதிரி.”

*

அவர் வாசித்தார்.

“நட்சத்திரம். தெய்வு, சாவி ஜன்னல்ல இருக்கு.”

“நட்சத்திரம். அண்ணே, பாலைப் பூனை குடிச்சிட்டுது. நான் இல்லை.”

“பூனைக்கு மீசையில பால் இருந்ததா, உனக்கு இருந்ததா?” என்று அடுத்த வரி கேட்டிருந்தது.

உமையாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெய்வநாயகமும் சிரித்தார். அந்தப் பூனைக்கு ஒரு காது கிழிந்திருக்கும் என்று சொன்னார். அடுப்பில் திரி மாற்றிய நாள், மயில் வந்து கூரையில் நின்ற நாள், வானொலியின் மின்கலம் தீர்ந்த நாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் அவர் மாற்றலாகிப் போன நாள் வந்தது. அதோடு முடிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார்.

முடியவில்லை.

“நட்சத்திரம். தெய்வு, புது ஆளு டீயில சீனியே போடுறதில்லை. இவன்கூட எப்படி நான் காலம் தள்ள?”

அவர் நிறுத்தினார்.

“நான் மதுரைக்குப் போனதுக்கு அப்புறம் எழுதினது டீச்சர் இது. யாரு வாசிப்பான்னு எழுதினார்?”

உமையாள் திரையைக் காட்டினாள்.

அவர் தொடர்ந்தார். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. சில வரிகளைத் தமக்குள்ளேயே வாசித்து நகர்ந்தார். பிறகு வெள்ளத்தின் நாள் வந்தது.

“நட்சத்திரம். தெய்வு, மிதவை அறுந்துட்டுது. கருவி நின்னுட்டுது. புது ஆளை அனுப்பிட்டேன், அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க.”

“நட்சத்திரம். வாசற்படி முங்கிட்டுது. மாடியில இருக்கேன். மட்டத்தை யாராவது பார்க்கணும்ல.”

“நட்சத்திரம். அடுப்பு மிதக்குது. அளவு பார்க்க வாசக் கல்லும் தெரியலை. மாடிப்படி வழியா கீழறைச் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

அடுத்த வரியை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை. உமையாள் குனிந்து அவர் தோளுக்கு மேலே பார்த்து வாசித்தாள்.

“தெய்வு, மாதா கால் நனையுது. உன் ஆணி தாங்குது. இதுக்கு மேல ஏறலை. இனி வடியும்.”

அதற்குப் பிறகு கோப்பில் ஒன்றுமில்லை.

தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஓடிப்போனார்னு எழுதினாங்க டீச்சர்.”

“ம்.”

“நானும் கேக்காம இருந்துட்டேன்.”

மேசையில் தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார். அந்தப் பக்கம் தலைமைப் பொறியாளர். அவர் குரல் உமையாள் நின்ற இடம் வரை கேட்டது.

“என்ன தெய்வநாயகம், ஆறு எவ்வளவு ஏறியிருக்கு? எண்ணைச் சொல்லுங்க, வரைபடத்துல போட்டுடுறோம்.”

தெய்வநாயகம் தம் அட்டவணையைப் பார்த்தார். முப்பத்தொன்பதே முக்கால் அங்கே திருத்தமாக நின்றது.

“தரை நாற்பத்தோரு அடி ஐயா,” என்றார். “அதுக்கு மேல...”

“மேல எவ்வளவு? எந்த வரியில இருக்கு?”

“எண்ணா எந்த வரியிலயும் இல்லை ஐயா. கொஞ்சம் இருங்க.”

ரிசீவரை இடது கையில் பிடித்தபடி எழுந்து சுவர் ஓரமாய்ப் போனார். கம்பி நீண்டது. செருப்பைக் கழற்றினார். சுவரோடு ஒட்டி நின்று, சுத்தியல் பிடித்த கையைப் போல வலது கையை முழுக்க மேலே நீட்டினார்.

“ஆணி இங்கே.”

பிறகு ஒரு சாண் கீழே இறக்கினார்.

“மாதா கால் இங்கே.”

அந்த இடத்தில் விரலை அழுத்திக்கொண்டார்.

உமையாள் இழுப்பறையைத் திறந்தாள். முறுக்குப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, அதன் அடியிலிருந்த அளவு நாடாவை எடுத்தாள்.

“அண்ணாச்சி, கையை இறக்காதீங்க.”