சர்வரை அணைத்த காலை

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு குரு இருந்தார். பெயர் நஸ்ரீன். வயது முப்பத்தாறு. காவியும் கிடையாது, ஜபமாலையும் கிடையாது. தான் தொடங்கிய கம்பெனியை நல்ல நிலையில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மலையேறி வந்தவர். புதிதாகத் தொழில் தொடங்கி வழி தெரியாமல் தவிப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்களுக்கு இஞ்சி டீ நிச்சயம் கிடைக்கும். பதில் கிடைப்பது அவரவர் பாடு.

அன்று வந்த சீடருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சத்தியமங்கலத்துக்காரர், ஈஸ்வரமூர்த்தி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, பூ விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்திருந்தார். மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை, முல்லை என்ன விலை என்று தோட்டத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

விடிந்திருந்தது, ஆனால் ஊர் தெரியவில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. டீயில் எழும்பும் ஆவி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பழைய ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்க மேடம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியா, இல்லையான்னு சொல்லியாகணும். என் சம்சாரமும் சொல்லிட்டா, போறதுன்னா போங்க, இல்லைன்னா மனசு வெச்சு இதைச் செய்யுங்க, இப்படி நடுவாந்தரத்துல நின்னுட்டு எங்களையும் நிக்க வைக்காதீங்கன்னு."

"நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணா?"

"நான் செஞ்சது யாருக்காச்சும் வேணுமா, வேண்டாமா? அது தெரிஞ்சாப் போதுங்க."

"இதுவரைக்கும் எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் பிடித்த பாடம். மார்க்கெட்டில் விழா நடத்தியது, சங்கத் தலைவர் சால்வை போட்டது, ஜனங்கள் வரிசையில் நின்று செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டது, பார்த்தவர்கள் எல்லாம் அருமை என்று சொன்னது, ஒன்று விடாமல் சொன்னார்.

"வரிசையில நின்னாங்களா?"

"ஆமாங்க. ஏத்திக்கிட்டவங்களுக்கு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தோம்."

குரு சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"உங்க ஆப் ஓடற சர்வரை இங்கிருந்தே நிறுத்த முடியுமாண்ணா?"

"முடியும். ஏனுங்க?"

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டு?"

"டீ குடிப்போம்."

ஈஸ்வரமூர்த்தி மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷ உழைப்பு. கோயில் பிரசாதம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருள். நிச்சயமாக நிறுத்தவா என்று திரை கேட்டது. குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை அழுத்திவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

போன் மேஜைமேல் கிடந்தது. வெளியே யாரோ இருமினார்கள். ஒரு பஸ் எங்கேயோ ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. பஸ்ஸையும் காணோம், வளைவையும் காணோம்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு."

வைத்துவிட்டார். குரு அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

எத்தனை பேர் போனில் அந்தச் செயலி இருக்கிறது என்பது ஈஸ்வரமூர்த்திக்கு மனப்பாடம். அத்தனை பேரில் ஒருவர்கூட, என்னப்பா ஆச்சு, வேலை செய்யமாட்டேங்குதே என்று கேட்கவில்லை. ஒருவர் கோபப்பட்டுத் திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது. திட்டுக்காக ஏங்குகிற ஒரு மனிதரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கிறது.

பனியும் குளிரும் டீயின் சூடும் சேர்ந்து அவர் கண்களை மூடவைத்தன.

ஒரு பெரிய தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. பூவா, பனியா தெரியவில்லை. செடிக்குச் செடி ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் கையிலும் டிபன் பாக்ஸ். இன்னைக்கு என்ன விலை என்று ஒருவரைக் கேட்டார். அருமைங்க என்றார் அவர். உங்களுக்கு இது உபயோகமா இருக்குதுங்களா என்று இன்னொருவரைக் கேட்டார். அருமைங்க என்றார் அவரும். நான் நிறுத்திட்டேன், தெரியுமா என்று சத்தமாகச் சொன்னார். அருமைங்க என்று தோட்டமே சொன்னது. வாசம் மட்டும் எதிலும் வரவில்லை.

போன் அடித்தது. அது கனவுக்குள் அடிக்கிறது என்று நினைத்தார். குரு அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணா. உங்களுக்குத்தான்."

எடுத்துக் காதில் வைத்தார். பெண் குரல். பின்னால் காக்கை சத்தம்.

"ஏனுங் தம்பி, நான் வசந்தாமணி பேசறனுங். சிக்கரசம்பாளையத்துல இருந்து. என்னாச்சுங் உங்க ஆப்புக்கு? காத்தால இருந்து பேசிப் பேசிப் பாக்கறோம், வாங்கவே மாட்டேங்குது."

"பேசிப் பாக்கறீங்களா? அம்மா, அது விலை பாக்கறதுக்குங்க."

"விலையை நாங்க எதுக்குங் பாக்கறோம்? மார்க்கெட்டுல என்ன குடுக்கறாங்களோ அதுதான் விலை. அந்த மூலையில மைக்குப் படம் ஒண்ணு இருக்குதில்லீங்? அதைத்தான் அமுக்கிப் பேசறது. பூப் பறிச்சு முடிச்சதும் இங்க மூட்டை வெச்சிருக்கோம், வந்து எடுத்துக்கங்கன்னு சொல்லுவோம். வேன்காரர் கேட்டுட்டு உள்ரோட்டுக்கு வருவாரு. இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையாட்ட இருக்குது, மெயின் ரோட்டுலயே போயிட்டாரு. எல்லாரும் மூட்டையோட மரத்தடியில உக்காந்திருக்கோமுங்."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா." ஈஸ்வரமூர்த்தி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். குருவிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

"இவங்க தப்பா உபயோகிக்கறாங்க மேடம். அந்த மைக் பட்டன், விலை தப்பா இருந்தா புகார் சொல்றதுக்கு வெச்சது. அதுல பேசினா ஆப் வெச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்கலாம். யாரும் அதை அமுக்கவே மாட்டாங்கன்னு நினைச்சு அடுத்த மாசம் எடுத்துடலாம்னு இருந்தேன்."

"பேசினது எல்லாம் எங்க போச்சுண்ணா?"

"சேர்ந்துட்டே இருந்திருக்கும். நான் திறந்தே பாக்கலீங்க."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சிவந்தது. மடிக்கணினியைத் தன்பக்கம் இழுத்தார்.

"சர்வரைத் திரும்ப எழுப்பிடறேன். இந்த மலை நெட்டுக்கு அரை மணி நேரமாவது ஆகும். இன்னும் நல்லா யோசிச்சா, இதையே தனி ஆப்பாப் பண்ணலாம் மேடம். வேன் எங்க வருதுன்னு மேப்ல காட்டலாம். மூட்டையைப் போட்டோ எடுத்தா எடை சொல்ற மாதிரி..."

பொத்திய கைக்குள்ளிருந்து வசந்தாமணியின் குரல் சன்னமாகக் கேட்டது.

"தம்பி, வெயில் ஏறுதுங். மொட்டு விரிஞ்சிட்டா வாங்கமாட்டாங்க."

ஈஸ்வரமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். இங்கே இன்னும் பனி விலகவில்லை. கீழே வெயில் ஏறுகிறது என்பதை நம்புவதே கஷ்டமாக இருந்தது.

குரு கை நீட்டி மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"வேன்காரர் நம்பர் அவங்ககிட்ட இல்லையாண்ணா?"

"இருந்திருந்தா அவங்களே கூப்பிட்டிருப்பாங்களே."

"உங்ககிட்ட?"

"இருக்குதுங்க. அவரும் ஆப்ல பதிஞ்சவர்தான். பதிஞ்ச அன்னைக்கே எல்லார் நம்பரையும் என் போன்லயும் போட்டு வெச்சேன்."

"அப்புறம் என்ன?"

ஈஸ்வரமூர்த்தி தயங்கினார். இருபத்தைந்து வருஷம் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லியே பழகிய கை அது. தானே ஒரு வேன்காரரைக் கூப்பிட்டு, இந்த மரத்தடிக்குப் போங்க என்று சொல்வது, தான் செய்ததை எல்லாம் தானே அழித்துவிடுவதுபோல் அவருக்கு இருந்தது.

"அப்படிப் பண்ணினா அது கம்பெனியாங்க மேடம்? இன்னைக்கு ஒருத்தருக்குச் செஞ்சுடலாம். நாளைக்கு எல்லாருக்கும் நானே கூப்பிட்டுச் சொல்லிட்டிருக்க முடியுங்களா?"

"எல்லாரும் இன்னும் கூப்பிடலைங்கண்ணா," என்றார் குரு. "கூப்பிட்டவங்க லைன்ல இருக்காங்க."