தயாரிப்பாளரின் குறட்டை

தூத்துக்குடி ஜெபராணி புதுப்படம் பார்க்கும்போது தான் சிரிப்பதையும் அழுவதையும் வீடியோவாகப் போட்டுத்தான் குடும்பம் நடத்தினாள்.

தன் போன படத்துக்கு அவள் முகம் சுளித்ததில் தயாரிப்பாளர் பரமானந்தத்துக்கு ஏகக் கோபம். சென்னைக்கு வரவழைத்தார். "நாளைக்கு என் படம் ரிலீஸ். இன்னைக்கே நீ வீடியோ போடணும். ஆனா படத்தோட ஒரு காட்சி, ஒரு சத்தம் அதுல வரக்கூடாது. வந்துச்சு, காப்பிரைட் புகார் கொடுத்து உன் சேனலையே மூடிடுவேன்!"

ஜெபராணி கைகூப்பினாள். "என் மூஞ்சி எதுக்கு சார்? எடுத்த உங்க முகத்துலதானே படத்தோட அருமை தெரியும்! நீங்க பாருங்க, நான் உங்களை வீடியோ பிடிக்கிறேன்."

பரமானந்தத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியே போடு. ஒரு நொடிகூட வெட்டக் கூடாது!" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் மீசையை முறுக்கினார். பிறகு கொட்டாவி விட்டார். இடைவேளைக்கு முன்பே வாய்பிளந்து குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமரா ஆடாமல் பிடித்திருந்தாள்.

அவள் போட்ட வீடியோவைச் சாயங்காலத்துக்குள் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பரமானந்தம் போனில் கத்தினார்: "மானமே போச்சு! மூடுறேன் பாரு உன் சேனலை!"

"ஒரு நொடியும் வெட்டல சார். படத்தோட காட்சியும் இல்ல, சத்தமும் இல்ல," என்றாள் ஜெபராணி பணிவாக. "அந்தக் குறட்டை உங்க படத்துச் சத்தம்தான்னு எழுதிக் கொடுங்க, இப்பவே எடுத்துடுறேன்."

பரமானந்தம் எழுதவுமில்லை, மூடவுமில்லை.