மடிப்புப் பிரிக்காத புத்தகம்

திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஒரு சமயம், ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் அட்டையோடு அட்டை உரசிக்கொண்டு நின்றன. நாவலின் பெயர் 'மூன்றாம் பரிசல்'. கோபித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போய்விட்ட தம்பிக்காகப் பரிசல் துறையில் காத்திருக்கும் வேலம்மாள் என்ற அக்காவின் கதை.

ஒன்று கடைப்பதிப்பு. பதிப்பகத்தார் முதலில் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பியது. மற்றது மன்றப்பதிப்பு. சந்தா கட்டிய அங்கத்தினர்களுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பிவந்த ஒரு வாசகர் மன்றத்துக்காகப் பிறகு அடித்தது. எழுத்துக்கு எழுத்து கதை ஒன்றுதான். மேலுறைப் படமும் ஒன்றுதான். ஆனாலும் கடைப்பதிப்புக்கு இருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

புத்தகங்கள் அட்டையோடு அட்டை தொட்டால்தான் பேசிக்கொள்ள முடியும். இந்த இரண்டும் தொட்டுக்கொண்டு நின்றதால் பேச்சுக்குக் குறைவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? மூச்சு முட்டுது" என்றது மன்றப்பதிப்பு.

"யாருக்கு யார் அண்ணன்? என் மேலுறையின் உள்மடிப்பைப் பார். விலை அச்சடித்திருக்கிறது. உன் மடிப்பில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணும் இல்லீங்க. மன்றத்துல விலை போடுறதில்லை."

"விலையில்லா மிக்சி, விலையில்லா வேட்டி. அந்த வரிசையில் நீ விலையில்லாப் புத்தகம்! 'முதற்பதிப்பு' என்ற வரியாவது உன்னிடம் உண்டா? உன் தாளில் இந்தப் பக்கம் அடித்தது அந்தப் பக்கம் தெரிகிறது. போதாததற்குப் பின்னட்டையின் கீழ்மூலையில் அந்தக் குழி வேறு."

பட்டாணி அளவுக் குழி அது. மன்றத்தின் பிரதி என்பதற்காக அச்சகத்தில் அழுத்திய அடையாளம்.

மன்றப்பதிப்புக்கு அந்தக் குழியால் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஆசையோடு எடுப்பார்கள். உள்மடிப்பைப் பிரித்து விலையைத் தேடுவார்கள். பிறகு திருப்பிப் போட்டுக் கட்டைவிரலால் பின்னட்டையைத் தடவுவார்கள். குழி தட்டுப்பட்டதும் "அட, மன்றத்துது" என்று வைத்துவிடுவார்கள். யாரும் முதல் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

"எத்தனையோ வீட்டுல என்னைப் படிச்சிருக்காங்கண்ணே" என்றது அது. "அப்பளம் பொரிச்ச கையோட ஒரு அம்மா படிச்சாங்க. அக்காவும் தம்பியும் சண்டை போடுற பக்கத்துல அந்த எண்ணெய் இன்னும் இருக்கு. இன்னொரு தடவை யாராவது படிக்க மாட்டாங்களான்னு இருக்கு. சரி, நீங்க சொல்லுங்க. கடைசி அத்தியாயத்துல உங்களுக்கு எந்த வரி பிடிக்கும்?"

"அதெல்லாம் உனக்கெதற்கு?" என்று வெட்டிவிட்டது கடைப்பதிப்பு.

அதன் கஷ்டம் அதற்கு. அச்சாகிவிட்டால் மட்டும் புத்தகத்துக்குத் தன் கதை தெரிந்துவிடாது. ஒருவருடைய கண் வரிமேல் ஓட வேண்டும். அப்போதுதான் அந்த வரி புத்தகத்துக்கே தெரியவரும். நம் முதுகை நாமே பார்க்க முடியாத மாதிரிதான். அந்தக் காலத்தில் சில புத்தகங்களைத் தாள் மடித்த ஓரத்தை வெட்டாமல், பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தபடியே கட்டி விற்பார்கள். படிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பைக் கீறிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கடைப்பதிப்பு ஒரு கல்யாணத்தில் பரிசாக வந்து, அப்படியே பீரோவில் இருந்து, அப்படியே கடைக்கு வந்துவிட்டது. ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. மேலுறையில் இருந்த கதைச்சுருக்கம் மட்டும்தான் அதற்குத் தெரியும்; தம்பி திரும்பி வந்தானா இல்லையா என்பது அதற்கே தெரியாது.

மன்றப்பதிப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் சொல்லட்டுமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டது.

"வேண்டாம். இரவல் வாங்கித் தெரிந்துகொள்ளும் அவசியம் எனக்கில்லை. என்னை வாங்குகிறவர் பிரித்துப் படிப்பார். அப்போது நானே தெரிந்துகொள்வேன்."

சொன்னது மிடுக்காகத்தான். உள்ளே அது ஏங்கிய ஏக்கம் ஒரு கத்திக்காக.

ஒரு நாள் ஓய்வுபெற்ற வக்கீல் திருஞானமும் அவர் மனைவி மங்கையர்க்கரசியும் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் காதர் மொய்தீன் இரண்டு பிரதிகளையும் எடுத்து மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். வக்கீல் மேலே இருந்த கடைப்பதிப்பின் உள்மடிப்பைப் பார்த்தார். பின்னட்டையைத் தடவினார். தாள் ஓரத்தைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"பாய்! மடிப்புக்கூடப் பிரிக்கல!"

"அதான் சார் உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். இப்படி ஒரு பிரதி கிடைக்காது."

"ஏங்க, மடிப்பைப் பிரிக்காம எப்படிப் படிக்கிறது?" என்றார் மங்கையர்க்கரசி.

"படிக்கிறதுக்கா வாங்குறோம்? கத்தி பட்டா போச்சு, அரசி. இது இப்படியே இருக்கணும்."

"அப்ப எனக்கு அந்த இன்னொண்ணு வேணும். நான் படிக்கணும்."

காதர் மொய்தீன் மன்றப்பதிப்பைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுல அடிச்சவங்களே விலை போடலம்மா. நான் என்னத்த போடுறது? சும்மா எடுத்துக்கங்க."

வக்கீல் திரும்பவும் மன்றப்பதிப்பின்மேலேயே வைத்த கடைப்பதிப்புக்கு எல்லாம் காதில் விழுந்தது. இத்தனை நாள் இருந்த மிடுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

"தம்பி!" என்றது, தனக்குக் கீழே இருந்த மன்றப்பதிப்பிடம். அப்படி அது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி, சீக்கிரம் சொல்லு. அவன் வந்தானா?"

"அண்ணே, கடைசிப் பரிசல்ல..."

அதற்குள் காதர் மொய்தீன் கடைப்பதிப்பைத் தூக்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிட்டார்.

வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் கடைப்பதிப்பு, உறையோடு, நிமிர்ந்து நின்றது. வந்தவர்களிடமெல்லாம் வக்கீல் அதைக் காட்டினார். மன்றப்பதிப்பு அதே கூடத்தில் சோபாவில் கிடந்தது. நடுவில் கண்ணாடி. தொடவும் வழியில்லை, பேசவும் வழியில்லை.

ஆனால் மங்கையர்க்கரசிக்கு வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து, தனக்குத்தானே கேட்கிற அளவில் படிப்பார். அலமாரிக்குள் கடைப்பதிப்பு ஒரு சொல் விடாமல் கேட்டது. தன் கதையைத் தானே முதன்முதலாகக் கேட்டது! வேலம்மாளுக்கு இவ்வளவு வாய்த்துடுக்கா என்று அதற்குச் சிரிப்பு வந்தது. தம்பி கோபித்துக்கொண்டு பரிசல் ஏறிய இடத்தில் போகாதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இப்படியெல்லாமா என்னிடம் இருக்கிறது என்று வியந்துபோயிற்று. காலையில் கண்விழித்ததுமே மதியத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

கடைசி அத்தியாயம் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பரிசல்கள் வந்துவிட்டன. வேலம்மாள் வீட்டுக்குப் போகவில்லை.

"'மூன்றாம் பரிசல் கரை தட்டியது'" என்று படித்தார் மங்கையர்க்கரசி. "'வேலம்மாள் எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான்...'"

அவருக்கு அதற்குமேல் குரல் வரவில்லை. மீதியைக் கண்ணாலேயே படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மன்றப்பதிப்பை மூடி மார்போடு வைத்துக்கொண்டார்.

"என்ன அரசி, ஏன் அழுவுற?" என்றார் உள்ளே வந்த வக்கீல்.

"என்னத்த சொல்ல? நீங்களே படிச்சுப் பாருங்க."

"எனக்கென்ன? நம்மகிட்ட முதல் பதிப்பே இருக்கு" என்று பெருமையாகச் சிரித்தபடி அவர் அலமாரிக் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தார்.

துடைத்த கண்ணாடி வழியாகக் கடைப்பதிப்பு அந்த அம்மாள் அழுவதைத் தெளிவாகப் பார்த்தது. எந்தச் சொல்லுக்காக அழுகிறார் என்று அதற்குத் தெரியவில்லை. அந்தச் சொல் அதற்குள்ளேயும் இருந்தது.