வாழைப்பழம் கேட்ட படகு

போர் மூண்டிருந்த சமயம். கடற்படைக்குக் கப்பல் போதவில்லை. வசதியானவர்கள் உலாப் போக வைத்திருந்த மோட்டார் படகுகளையெல்லாம் ரோந்து வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அப்படி மாட்டியதுதான் மோகனா. பட்டணத்து மில் முதலாளி ஒருவரின் குடும்பம் முறுக்கு தின்றுகொண்டே காற்று வாங்கிய படகு. அதன் வெள்ளை உடம்பில் சாம்பல் சாயம் பூசி, முன்னால் ஒரு துப்பாக்கியையும் வைத்தார்கள். அவ்வளவுதான், அதற்குத் தலைகால் புரியவில்லை.

"துறைமுகத்துக்குள் வருகிறவர்கள் 'வாழைப்பழம்' என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லாதவன் எதிரி," என்பது உத்தரவு. அந்நியனுக்கு 'ழ' வராது என்று ஒரு வெளியூர் அதிகாரி போட்ட கணக்கு அது. அந்தக் கரையில் 'ழ' யாருக்குமே வராது என்பதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு மீன்பிடி வல்லம் நாலு ஆட்களோடும் கூடை கூடையாய்ச் சீலா மீனோடும் வந்தது.

"சொல்!" என்றது மோகனா.

"வாளப்பளம்," என்றது வல்லம்.

"என்னது?"

"வாளப்பளம் தாயி. மீனு நாறிரும், வளிய விடு."

"இந்த நாக்கே காட்டிக் கொடுக்கிறதே! எதிரிதான்!"

வல்லத்தைக் கயிறு போட்டுக் கட்டி, பெருமையோடு இழுத்துக்கொண்டு திரும்பியது மோகனா. வழியில் மழை பிடித்துக்கொண்டது. துறைமுக வாசலில் இருந்த உள்ளூர்ப் பீரங்கிக்கு எதிரே வருவது யாரென்று தெரியவில்லை.

"யாருல அது? சொல்லு!"

மோகனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாழைப்பழம்," என்றது.

பீரங்கி திடுக்கிட்டது. "எங்கூர்ல எவம்ல இம்புட்டுச் சுத்தமாப் பேசுதான்? எதிரி நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கான்!"

அது வாயை இறக்கிக் குறிபார்த்தது.

"ஐயோ, நான் நம் படை! வாழைப்பழம்! வாழைப்பழம்!" என்று அலறியது மோகனா. பாவம், பயத்தில் உச்சரிப்பு இன்னும் திருத்தமாகிக்கொண்டே போனது.

பின்னால் கட்டுண்டு கிடந்த வல்லம் கயிற்றை வெடுக்கென்று இழுத்தது. குண்டு விழுந்தால் சேர்ந்தல்லவா போக வேண்டும்!

"ஏ தாயி, நாக்க மடக்காத! வாளப்பளம்னு சொல்லு!"

"அது தப்பு."

"தப்பாச் சொல்லித் தொலை! எம்மேல நாலு உசிரு இருக்கு!"

மோகனா கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியது: "வாளப்பளம்!"

"அட, நம்ம புள்ளயா? இத மொதல்லயே சொன்னா என்ன?" என்று பீரங்கி வாயை நிமிர்த்திக்கொண்டது.

வல்லத்தை அவிழ்த்துவிட்டபோது மோகனாவுக்கு வெட்கம் தாளவில்லை. மீன் பாதி கெட்டுப் போயிருந்தது. வல்லம் மிச்ச மீனோடு கரைக்குப் போனது.

மறுநாள் அந்த உத்தரவு போட்ட அதிகாரியின் சொந்தப் படகு மேற்பார்வைக்கு வந்தது. மோகனா குறுக்கே போய் மறித்தது.

"வாழைப்பழம்," என்றது அதிகாரியின் படகு, அட்சரம் பிசகாமல்.

மோகனா துப்பாக்கியைத் திருப்பியது.

"மாட்டிக்கொண்டாயா, எதிரியே!"