சதுர அடிக்குள் மாவட்டம்

கட்சியின் மாவட்டச் செயலாளர் மாசிலாமணியை ஊரே "மாவட்டம்" என்றுதான் கூப்பிடும். பொதுக்கூட்டத்துக்கு வந்த பயிற்சி நிருபர் அல்லியை அவர் மேடைக்கு அழைத்தார்.

"லட்சம் பேர்னு எழுதும்மா. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது."

"மைதானமே இருபதாயிரம் சதுர அடிங்க. உக்கார ஆளுக்கு நாலு சதுர அடி வேணும். மிஞ்சிப்போனா ஐயாயிரம் பேர்."

"லட்சம்னா லட்சம்."

வகுத்தல் தெரியாத மனுஷனுக்கு மாலை மட்டும் ஆளுயரம்.

"சரிங்கய்யா. அப்போ சதுர அடிக்கு அஞ்சு பேர்." சாக்பீஸால் மேடையில் ஓரடிக் கட்டம் போட்டாள். "நாலு பேரோட இதுல நில்லுங்க. அந்தப் படத்தோட லட்சம்னே எழுதறேன்."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. கூட்டம் பார்க்கிறதே என்று கட்டத்தில் ஏறி நின்றார். இரண்டு கால் வைத்ததுமே கட்டம் நிறைந்தது; தொந்தி வெளியே நின்றது.

"மாவட்டமே அடங்கலையே" என்றது கீழிருந்து ஒரு குரல்.

அவர் மைக்கைப் பொத்திக்கொண்டார். "ஐயாயிரம்னே போட்டுக்கம்மா."