ஆறேகால்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. வயது இருபத்து மூன்று. பேர் நிலோஃபர். சைக்கிள் கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கோடிங் சொல்லிக்கொடுக்கிறாள்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. பேர் தேவசகாயம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

அவர் ஊர் மேலப்பாறை, மலையோரம். அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு ஏழு பஸ். எது எப்போது வரும் என்பது தேவசகாயத்துக்குத்தான் மனப்பாடம். அதனால் ஊரே அவருக்கு போன் போட்டுக் கேட்டது. அவர் குளிக்கும்போதும் கேட்டது. பஸ் நேரத்தை எல்லாம் இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டுவிட்டால் தொல்லை விடும் என்று அவர் படிக்க வந்தார்.

குரு முதலில் கிட் சொல்லிக்கொடுத்தாள். அது ஒரு மென்பொருள். ஃபைலில் எந்த வரியை யார் மாற்றினாலும், பேரும் தேதியும் போட்டு எடுத்து வைத்துக்கொள்ளும்.

"எதைச் செய்றதுக்கு முன்னாடியும் ஸ்டேட்டஸ் போடுங்க அண்ணாச்சி. அப்புறம் ஆட். அப்புறம் கமிட்," என்றாள்.

மறுநாள் காலை தேவசகாயத்தின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அதன் மேல், "ஆட் பண்ணப் போகிறேன்." அடுத்து ஒரு சூரிய உதயம். "இன்று கமிட் ஆகிறேன்." மூன்று மைத்துனர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். மனைவி போன் போடவில்லை. நேராக வந்து, யாரோடு என்று கேட்டார்.

குரு சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

"அந்த ஸ்டேட்டஸ் இல்ல அண்ணாச்சி. இங்க, இந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல."

"இதை முன்னாடியே சொல்லப்பிடாதா டீச்சரே? வீட்டுல ரெண்டு நாளா சோறு கிடையாது."

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆட் எதுக்கு, கமிட் எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"ஆள் ஏறினதும் பஸ் கிளம்பிடுமா?"

"அதெப்படி? நான் விசில் அடிக்கணும்லா."

தேவசகாயம் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். ஆட் போட்டார். வாயாலேயே ஒரு விசில் அடித்தார். கமிட் போட்டார்.

"மெசேஜ் எழுதுங்குதே. யாருக்கு எழுதணும்?"

"பின்னாடி வந்து பாக்குறவங்களுக்கு."

"இதை எவன் வந்து பாக்கப் போறான்?"

"பெரும்பாலும் நீங்கதான்."

"சரி, ரீசெட்னா?"

"வந்த தடத்தைத் துடைச்சிட்டு, பழைய இடத்துல போய் நிக்கிறது. அப்படி ஒரு வழியில நீங்க வந்ததாவே அப்புறம் தெரியாது."

"நல்ல கமாண்டா இருக்கே டீச்சரே! இது சின்ன வயசுல தெரியாம போச்சே."

ஒரு மாசத்தில் பக்கம் வந்துவிட்டது. ஏழு பஸ், ஆறு நிறுத்தம், நாற்பத்திரண்டு வரி. ஊர் போன் போடுவதை நிறுத்தியது. தேவசகாயம் நிம்மதியாகக் குளித்தார்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"டீச்சரே, ஒரு வரியை எவன் மாத்தினான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும். என்ன ஆச்சு?"

"எங்க ஊரு லூர்தம்மாளுக்கு இன்னையில இருந்து வாரம் மூணு நாள் டயாலிசிஸ். முதல் பஸ்ஸுல போனாத்தான் அவளுக்கு உள்ள நேரத்துக்கு ஆஸ்பத்திரில நிக்க முடியும். இன்னைக்கு நம்ம பக்கத்தைப் பாத்துட்டு ஆறு இருபதுக்கு ஸ்டாப்புக்கு வந்திருக்கா. பஸ் போயிட்டு. ஆறேகாலுக்குப் போற வண்டியை நம்ம பக்கத்துல ஆறு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு!"

"நீங்க எழுதினது?"

"ஆறேகால். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் ஆறேகால்னுதான் சொல்லுவேன்."

அவர் உட்காரவில்லை.

"அவ மவன் வின்சென்ட் டீக்கடையில வச்சு என்னை ஏசினான் பாருங்க, ஊரே வேடிக்கை பாத்துது. நானும் சொல்லிட்டேன். மாத்தினவன் பேரை இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டுவந்து உன் கையில தாறேன்னு. தரலேன்னா நீரே பக்கத்தை அழிச்சிரும், இனி ஒருத்தனும் அதை நம்ப மாட்டான்னு சொல்லிட்டான்."

"சரி."

"ஹேக்கரா இருக்குமோ டீச்சரே?"

"மேலப்பாறை பஸ் டைமையா?"

தேவசகாயம் யோசித்தார். அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

குரு நாற்காலியை அவருக்கு விட்டாள்.

"பிளேம்னு ஒரு கமாண்ட் இருக்கு. கூடவே ஃபைல் பேரையும் சேர்த்து அடிங்க."

"பிளேம்னா?"

"பழி."

"கமாண்டுக்கே பழின்னா பேரு வச்சிருக்கானுவ?"

"அடிங்க அண்ணாச்சி."

அடித்தார். நாற்பத்திரண்டு வரியும் வந்து நின்றது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பேர். தேவசகாயம் விரலை வைத்து முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு கடகடவென்று கீழே வரைக்கும் போனார். எல்லாம் ஒரே பேர்.

நிலோஃபர்.

குரு குனிந்து பார்த்தாள்.

"போன வாரம் நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. நேரத்தை எல்லாம் எழுத்துல வச்சிருந்தீங்க. எண்ணா இருந்தாத்தான் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும். உங்களுக்கு வேலை மிச்சம்னு நானே மாத்திட்டேன்."

"ஆறேகாலை?"

"கால்னா பாயிண்ட் இருபத்தஞ்சு. கை அதுவா அடிச்சிருக்கு."

"மணிக்கு அறுபது நிமிஷம்லா டீச்சரே."

"தெரியும். அரை வர்ற இடத்துல எல்லாம் முப்பதுன்னு சரியாத்தான் போட்டிருக்கேன். கால் வந்தது இந்த ஒரு வரியிலதான்."

தேவசகாயம் எழுந்து போய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலும் இறங்கிவிட்டது.

"ரீசெட் போட்டா உங்க கமிட் இல்லாமலே போயிரும்லா?"

"போயிரும்."

"நாப்பத்திரெண்டு வரியையும் நானே திரும்ப அடிக்கேன். என் பேருல கமிட் போடுதேன். வின்சென்ட்கிட்ட போய், நான்தாம்லே தப்பா அடிச்சேன்னு சொல்லிருதேன்."

"எதுக்கு?"

"என்னை ஏசினா என்ன? ஃபுட்போர்டுல நின்னவன், சில்லறை கிடைக்காதவன், ஸ்டாப் தாண்டி இறங்கினவன், எல்லாம் முப்பது வருஷமா ஏசினதுதான். உங்ககிட்ட இனிமே நாலு பிள்ளைய படிக்க வரணும். ஆறேகாலே தெரியாத டீச்சர்னு பேரு வந்தா எவ அனுப்புவா?"

குரு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"அடிங்க."

தேவசகாயம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ரீசெட் கமாண்டை அடித்தார். விரலை என்டர் மேல் கொண்டுபோனார். அங்கேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"தடுக்க மாட்டியளா?"

"ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு அண்ணாச்சி. நாளைக்கு வேற ஒரு கால் வரும். நான் மறுபடியும் இருபத்தஞ்சுன்னு போடுவேன். அன்னைக்கு யாரைத் திருத்துவீங்க?"

"உங்களைத்தான்."

"ஏற்கெனவே தப்பு பண்ணினதா அதுல உங்க பேருல்ல இருக்கும்? என்னைத் திருத்தணும்னு யாருக்குத் தெரியும்?"

தேவசகாயம் விரலை எடுத்தார். அடித்ததை எல்லாம் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார்.

குரு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வரியை 6.15 என்று மாற்றினாள். ஸ்டேட்டஸ். ஆட். கமிட். மெசேஜ் கேட்டது. அவள் எழுதினாள்: "ஆறேகால் என்றால் 6.15. போன வாரம் 6.25 என்று தப்பாகப் போட்டது நான்." புஷ் போட்டதும் இணையப் பக்கத்திலும் நேரம் மாறியது.

பிறகு போனை எடுத்தாள்.

"வின்சென்ட் நம்பர் சொல்லுங்க."

"வேண்டாம் டீச்சரே. அவன் வாயைத் திறந்தா மூட மாட்டான்."

"நம்பர்."

தேவசகாயம் சொன்னார். அவள் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது.

"எடுத்த உடனே உங்க பேரைச் சொல்லிராதீங்க," என்றார் அவர்.

"சொல்லப் போறதில்ல."

"பின்னே?"

"முதல்ல அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். நீங்க வந்ததுல இருந்து நாம ரெண்டு பேரும் பேரைத்தான் தேடிட்டு இருக்கோம்."