பட்டுப்புழுத் தூள்

பன்றிகள் தீவனத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலைந்து நாளான ஒரு காலை, இஞ்ஞாசி தன் ஆசிரியையைத் தேடிப் போனார்.

ஆசிரியை பிலோமினா அவரைவிட வயதில் இளையவர். அந்தப் பக்கத்தில் பன்றி வளர்ப்பவர்கள் பலரும் அவரிடம் தொழில் பழகியவர்கள். இஞ்ஞாசி தன் மனைவி மதலேனோடு வந்து பழகினார். போன மழைக்காலத்தில் மதலேன் இறந்துபோனார். அதன்பிறகு, இஞ்ஞாசியின் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து வர அந்த வீட்டில் பன்றிகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

இப்போது அவையும் எழுந்து வருவதில்லை.

“என்னண்ணா, விடிஞ்சதும் வந்துட்டீங்க?”

“விக்கிற பருவம் டீச்சர். உடம்பு ஏற வேண்டிய நேரத்துல இளைக்குது. சோயாப் புண்ணாக்கு கட்டுப்படியாகலன்னு பட்டுப்புழுத் தூளுக்கு மாத்தினேன். மோந்து பாத்துட்டு மூலையில போய்ப் படுத்துக்குது. தூள்ல சத்து இல்லையா?”

“நிறைய இருக்கு. எப்படி மாத்தினீங்க?”

“சோயாவை அடியோட நிறுத்திட்டேன். இல்லாததையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கக் கூடாதுல்ல?”

பிலோமினா ஒரு வாளியில் சோயாப் புண்ணாக்கை அள்ளிக்கொண்டு அவரோடு நடந்தார்.

இஞ்ஞாசியின் கொட்டிலில் தொட்டியைக் கழுவச் சொன்னார். மக்காச்சோள மாவோடு சோயாவைக் கொட்டினார். புழுத்தூளில் ஒரே ஒரு கைப்பிடி எடுத்துத் தூவி, தண்ணீர் விட்டுப் பிசைந்தார்.

பெரிய பன்றி மெல்ல வந்தது. மூக்கால் கிளறியது. சற்று நின்றது. பிறகு தின்னத் தொடங்கியது. மற்றவை முட்டிக்கொண்டு வந்தன.

இஞ்ஞாசி கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் வித்துடலாம்னு இருந்தேன் டீச்சர். வித்துட்டு…”

“வித்துட்டு?”

இஞ்ஞாசி கம்பியில் காய்ந்து ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார்.

“நாளைக்குத் தூளைக் கொஞ்சம் கூட்டுங்க. அந்த அளவுக்குச் சோயாவைக் குறைங்க. அவசரம் வேண்டாம்.”

தின்னும் சத்தம் கொட்டிலை நிறைத்தது. இஞ்ஞாசியின் பார்வை தொட்டியில் இல்லை. மதலேன் போனதிலிருந்து பூட்டியே கிடந்த அடுப்படிக் கதவில் இருந்தது.

“பழைய ருசி எப்ப டீச்சர் மறக்கும்?”

பிலோமினா வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

“மறக்க வேண்டாம்ணா. சாப்பிட்டாப் போதும்.”